அத்தையின் கதவுகள்

மலாய் அகராதியில் 'தெமியாங்' என்று தேடினால் எங்கள் ஊர் வராது, ஒரு மூங்கில்தான் வரும். சுவர் மெல்லியது, கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். ஓராங் அஸ்லி மக்கள் 'சும்பிட்' என்னும் ஊதுகுழல் செய்ய இதைத் தேடிக் காட்டுக்குள் போவார்கள். இடையில் கணு குறுக்கிடாத நீளக் குழாய் இருந்தால்தான் அம்பு சிக்காமல் பறக்கும். சிரம்பானை ஒட்டிய தெமியாங்கில் நாங்கள் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஒரு மூங்கிலைக்கூட நான் பார்த்ததில்லை. மோட்டார் ஒர்க்‌ஷாப்புகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊதுகுழலில் போகும் அம்பு சத்தே குச்சி அளவுதான் இருக்கும். அதன் காயத்தால் ஒரு குரங்கு சாகாது. கொல்வது நுனியில் தடவிய விஷம். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த இப்போ மரத்தின் பட்டையை, நாம் ரப்பர் மரத்தைக் கீறுவது போலவே கீறிப் பால் எடுத்து, காய்ச்சி, கெட்டியாக்கித் தடவுவார்கள். சில இடங்களில் எட்டி மரத்துக்கு உறவான காட்டுக் கொடிகளையும் சேர்ப்பார்கள். இப்போ பால் இதயத்தை நிறுத்தும். எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் வேறு மாதிரி வேலை செய்யும். உடம்பு வில் மாதிரி வளைந்து இழுக்கும். யாராவது தொட்டால் இழுக்கும், கதவு சத்தம் கேட்டால்கூட இழுக்கும். நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். முதுகுத்தண்டின் நரம்பணுக்களில் 'போதும், அடங்கு' என்று சொல்வதற்கென்றே குளோரைடு நுழையும் சிறு கதவுகள் இருக்கின்றன. ஸ்ட்ரிக்னைன் அவற்றைத் திறக்க விடாது. பிரேக் இல்லாத லோரி மாதிரி ஆகிவிடும் உடம்பு.

இதையெல்லாம் நான் படித்தது விஷத்தின் மேல் இருந்த ஆர்வத்தால் அல்ல. வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது, 'நீதானே சயன்ஸ் படிச்சவ' என்று என்னிடம் வந்து நின்றது.

போன வருடம் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவானது. நிச்சயத்துக்கு நாள் குறித்ததும் அம்மா அடுப்படியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னைக்கு உங்க அத்தை ரூமுக்குள்ளயே இருக்கட்டும். அலமாரி மேல இருக்கிற மாத்திரை டப்பாவையும் எடுத்து உள்ள வச்சிடு." அம்மா கெட்டவர் அல்ல. அத்தைக்கு முப்பது வருடமாகச் சோறு போடுபவர், விழும்போதெல்லாம் ஓடிவந்து தலையைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணம் என்று வந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள். பெண் வீட்டில் யாருக்காவது 'அது' இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த வியாதியின் பெயரைச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புத் திட்டம். பதினான்கு வயதில் பெரட்டுக் களத்தில், மண்டோர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில் வரக்கோப்பி குடித்துவிட்டு நின்ற பெண். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பது இன்று எந்த கிளினிக் சுவரொட்டியிலும் இருக்கும். அன்றைக்கு எல்லைக்கல் பக்கம் இருந்த முனியாண்டிதான் காரணம் என்று முடிவானது. சேவல் அறுத்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒரு வருடம் கழித்துத் தோட்டத்து டிரெசர்தான் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து வந்ததுதான் டிலாண்டின். அதன் மருந்துப் பெயர் ஃபெனிட்டோயின்.

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால் நரம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நரம்பணு சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. உள்ளே இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கிறது. அதன் சவ்வில் இருக்கும் பம்புகள் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இதயத்தில் இந்தப் பம்பைத்தான் இப்போ பால் அடைக்கிறது. நாம் தின்னும் சோற்றில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது என்பார்கள். அதில் பெரும்பகுதி இந்தப் பம்படிக்கும் கூலிதான். இதனால் செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியில் இருபதில் ஒரு பங்கு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் அதில் ஏழு துண்டு அளவு. அவ்வளவு மெல்லிய தோலின் இருபுறமும் 70 மில்லிவோல்ட் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் என்ற கணக்கில் அழுத்தம். நம் தலைக்குள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

சவ்வு கொழுப்பால் ஆனது, உப்புத் துகள்களை உள்ளே விடாது. அவை நுழைய வேண்டுமானால் சவ்வைத் துளைத்து நிற்கும் புரதங்கள் வழியாகத்தான் நுழைய வேண்டும். பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு அயனிக் கால்வாய்கள் என்று பெயர். கால்வாய் என்றதும் எனக்குத் தோட்டத்துக் கானுதான் ஞாபகத்துக்கு வரும், எப்போதும் திறந்தபடி, யார் எதைப் போட்டாலும் ஓடிக்கொண்டு. இவை அப்படியல்ல. கதவு என்பதே பொருந்தும். அதுவும் ஆள் பார்த்துத் திறக்கும் கதவு. சோடியக் கதவு சோடியத்தை விடும், பொட்டாசியக் கதவு பொட்டாசியத்தை விடும். இதில் வேடிக்கை, பொட்டாசியம் சோடியத்தைவிடப் பெரியது. பெரியது போகும் வாசலில் சின்னது ஏன் போக முடியவில்லை? ரொடரிக் மெக்கினன் 1998-இல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியக் கதவை அணு அணுவாகப் படம் பிடித்த பிறகுதான் இதற்குக் கண்கூடான விடை கிடைத்தது. தன்னைச் சுற்றிய தண்ணீரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அயனி அந்த இடுக்கில் நுழைய முடியும். கழற்றியதற்கு ஈடாக வாசலின் ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைச் சரியான தூரத்தில் அணைத்துக்கொள்கின்றன. சோடியம் அந்த அணைப்புக்கு எட்டாத சிறுசு, நட்டம் பார்த்துத் திரும்பிவிடும். அவருக்கு 2003-இல் நோபல் கிடைத்தது.

வலிப்புக்கும் மாத்திரைக்கும் முக்கியமானது சோடியக் கதவு. இதன் உடலில் நேர்மின் சுமை கொண்ட துண்டுகள் இருக்கின்றன. உள்பக்க மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் அவை வெளிப்பக்கமாக நகர்கின்றன, கதவு திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. விநாடிக்கு ஒரு கோடி என்ற வேகம், ஆனால் கதவு திறந்திருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சோடியம் நுழைந்ததால் அழுத்தம் இன்னும் ஏறும், அதனால் பக்கத்துக் கதவும் திறக்கும், அதனால் அடுத்தது. பண்டிகைக்குக் கொளுத்தும் சரவெடி மாதிரி. நரம்புச் செய்தி என்பது இந்த வரிசைதான்.

சரவெடி நிற்க வேண்டுமே? அதற்குத்தான் சோடியக் கதவில் இரண்டாவது ஏற்பாடு. உள்பக்கம் ஒரு சிறிய மூடி தொங்குகிறது. கதவு திறந்த ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் அது வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். இது பூட்டிய கதவு அல்ல, திறந்த கதவில் அடைப்பு. செல் பழைய அமைதிக்குத் திரும்பும்வரை அந்த மூடி விலகாது, எத்தனை தட்டினாலும் அந்த வாசல் திறக்காது. இதற்குள் மெதுவாகத் திறக்கும் பொட்டாசியக் கதவுகள் வேலையை ஆரம்பித்து அழுத்தத்தைக் கீழே இறக்கிவிடும். பிறகு மூடி விலகும், கதவு பழையபடி சாத்திக்கொண்டு அடுத்த தட்டலுக்குத் தயாராகும்.

இதை நான் அத்தைக்குத் தாளில் படம் போட்டுக் காட்டியபோது அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "பால் கட்டிக்கிற மாதிரியா?" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும். உளியால் கோடு இழுத்ததும் பால் மங்குக்குள் சொட்டும். யாரும் நிறுத்தச் சொல்லாமலே சில மணி நேரத்தில் வெட்டு வாயில் பால் உறைந்து தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுத்து, பட்டையை ஒரு நூல் சீவினால்தான் மறுபடி வடியும். அந்த அடைப்பு இல்லாவிட்டால் மரம் தாங்காது. "அப்புறம் தொரை ஒரு மருந்து கொண்டாந்தான். அத வெட்டுக்குப் பக்கத்துல தடவுனா பால் மத்தியானம் வரைக்கும் நிக்காது. முதல்ல வாளி வாளியா வந்துச்சி. அப்புறம் பட்டை காஞ்சி போச்சி." அவர் சொன்னது எத்தஃபோன். பால் அடைத்துக்கொள்வதைத் தள்ளிப்போடும் மருந்து. அளவுக்கு மீறினால் பால் வற்றிப்போவதும் உண்மை. ஏழாம் வகுப்பு தாண்டாத அத்தை, ஆயிரம் பக்கப் புத்தகம் இரண்டு அத்தியாயத்தில் சொல்வதை ஒரு மரத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்.

கதவுகள் இருக்கின்றன என்பதை யாரும் கண்ணால் பார்க்கும் முன்பே கணக்காகப் போட்டுச் சொன்னவர்கள் ஆலன் ஹாட்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். அவர்கள் எடுத்துக்கொண்ட பிராணி நாம் சம்பல் வைத்துச் சாப்பிடும் சோத்தோங். தண்ணீரைப் பீய்ச்சித் தப்பி ஓடுவதற்காக அதன் உடலில் ஒரு ராட்சத நரம்பிழை இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமன், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட. கம்பியை உள்ளே செருகலாம். 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் செருகிப் பார்த்தார்கள். யுத்தம் வந்து வேலை நின்றது. திரும்பி வந்து 1952-இல் வெளியிட்ட கட்டுரைகளில், சோடியம் எப்போது எவ்வளவு நுழைகிறது, பொட்டாசியம் எப்போது வெளியேறுகிறது என்பதற்குச் சமன்பாடுகள் இருந்தன. கேம்பிரிட்ஜின் கணினி அந்தச் சமயம் வேலை செய்யாததால் ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப்பொறியில் வாரக்கணக்காக உட்கார்ந்து அவற்றைப் போட்டார். விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் நடக்கும் ஒன்றுக்கு வாரக்கணக்கு! 1963-இல் நோபல். ஒரே ஒரு கதவின் வழியாக ஓடும் மின்சாரத்தை அளக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை அளந்தவர்கள் ஜெர்மனியின் நேரும் சக்மனும்.

இனி வலிப்பு. சாதாரணமாக மூளையின் நரம்பணுக்கள் சந்தைக்கடை மாதிரி ஆளுக்கொரு பேச்சு பேசிக்கொண்டிருக்கும். சில நேரம் ஒரு கூட்டம் மட்டும் ஒரே குரலில் கத்தத் தொடங்கும். கத்தல் பரவும். தனித்தனியே விநாடிக்குச் சில தடவை துடித்தவை நூற்றுக்கணக்கில் துடிக்கும். அது கையை ஆளும் பகுதிக்குப் போனால் கை இழுக்கும், மூளை முழுக்கப் போனால் ஆள் நினைவிழந்து விழுவார். எட்டிக்கொட்டையின் இழுப்புக்கும் இதற்கும் அங்கேதான் வித்தியாசம். அது முதுகுத்தண்டில் நடப்பது, நினைவு போகாது. இது மூளையில். விழுந்தவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அத்தை எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யாரு பாத்தா?"

கையில் இரும்பு கொடுப்பது பற்றிச் சொல்லியாக வேண்டும். சாவிக்கொத்து, உளி, ஒருமுறை சைக்கிள் பம்பு. சோடியக் கதவுக்கு இரும்பைப் பற்றிக் கவலை கிடையாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கும். சாவியைத் தேடி எடுத்துவர ஆகும் நேரமும் அதுதான். இரும்பின் புகழ் முழுக்க இந்தக் கணக்கில் வந்தது. செய்ய வேண்டியது, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று வைத்து, மணி பார்ப்பது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அங்கே போடும் டயசிபாம் ஊசியும் ஒரு கதவு வேலைதான். மூளையில் 'அடங்கு' சொல்லும் குளோரைடுக் கதவுகளை இன்னும் அடிக்கடி திறக்க வைக்கும். ஸ்ட்ரிக்னைன் செய்வதற்கு நேர் எதிரானது.

இந்த வியாதிக்கு நம் பக்கத்தில் இருக்கும் பெயர்களைக் கேட்டால் கதவுகளைவிடப் பெயர்தான் பெரிய வியாதி என்று தோன்றும். தமிழில் காக்காய் வலிப்பு. மலாயில் பேச்சுவழக்கில் இருந்த பெயர் பன்றியையும் பைத்தியத்தையும் சேர்த்தது. சீனத்தில் ஆடும் பைத்தியமும். மலாயா பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர்கள் இந்தப் பெயர்களே நோயாளியின் மீது களங்கம் ஏற்றுகின்றன என்று கட்டுரை எழுதி, மாற்ற வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார்கள். 1999-இல் இங்கே நிலைமை இன்னும் மோசம். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா, புக்கிட் பெலண்டோக் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா மூளைக்காய்ச்சல் பரவி, நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் சிலருக்கு வலிப்பும் வந்தது. வீக்கம் கண்ட மூளையில் கதவுகள் தறிகெட்டதால் வந்த வலிப்பு அது. ஆனால் விழுந்து இழுக்கும் எல்லோரும் அன்றைக்குச் சந்தேகத்துக்குரியவர்கள். அந்த மார்ச் மாதம் அத்தை கடைத்தெருவில் விழுந்தபோது யாரும் கிட்டே வரவில்லை என்று அப்பா இன்னும் சொல்லுவார்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு இதில் ஆச்சரியமான பகுதி இதுதான்.

கடலில் புந்தால் மீன் இருக்கிறது, பலூன் மாதிரி ஊதிக்கொள்ளுமே, அது. அதன் விஷம் டெட்ரோடோடாக்ஸின் சோடியக் கதவின் வெளிவாசலில் கார்க் மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். 1964-இல் நராஹாஷி என்ற ஜப்பானியர் குழுவினரோடு நிரூபித்தது. உதடு மரக்கும், கை கால் தளரும், மூச்சு நிற்கும். 2023-இல் ஜொகூரில் இதைச் சமைத்துச் சாப்பிட்ட வயதான கணவனும் மனைவியும் இறந்துபோனார்கள். அந்த விஷத்துக்கு வேலை செய்யும் கதவு, சும்மா இருக்கும் கதவு என்ற பேதம் இல்லை, எல்லாவற்றையும் அடைக்கும். நேர் எதிராக, நாம் கட்டிலுக்கடியில் கொளுத்தும் கொசுவத்தியில் இருக்கும் மருந்து கொசுவின் சோடியக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொசு துடித்துச் சாவது அதனால்தான்.

அப்படியென்றால் சோடியக் கதவைத் தொடும் ஒரு மாத்திரையைக் காலையும் மாலையும் விழுங்கிவிட்டு அத்தை எப்படி நடக்கிறார், மீன் அரிகிறார், அண்டை வீட்டுக்காரியோடு சண்டை போடுகிறார்?

ஃபெனிட்டோயின் எல்லாக் கதவையும் அடைப்பதில்லை. உள்மூடி விழுந்து அடைந்திருக்கும் நிலையில் இருக்கும் கதவைத்தான் அது இறுகப் பிடிக்கும். பிடித்து, மூடி விலகுவதைத் தாமதப்படுத்தும். நிதானமாகத் துடிக்கும் நரம்பணுவில் கதவுகள் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும், மருந்துக்கு அங்கே பிடி கிடைக்காது. விநாடிக்கு நூறு தடவை வெறிபிடித்துத் துடிக்கும் அணுவில் கதவுகள் அடிக்கடி அந்த அடைப்பு நிலைக்கு வருகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் இன்னும் சில கதவுகள் மருந்தின் கையில் மாட்டும். எவ்வளவு கத்துகிறதோ அவ்வளவு அடங்கும். பேச விடும், கத்த விடாது. பல் பிடுங்கும்போது போடும் ஊசியும் ஏறக்குறைய இதே குடும்பம்தான்.

இன்னொரு வேடிக்கை. இந்த மருந்தை 1908-இலேயே ஜெர்மனியில் செய்துவிட்டார்கள், எதற்கென்று தெரியாமல். 1938-இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இரண்டு மருத்துவர்கள் பூனைகளில் சோதித்து வலிப்புக்கு என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை இருந்த புரோமைடும் ஃபீனோபார்பிட்டாலும் ஆளைத் தூங்கவைத்தே அடக்கியவை. தூங்கவைக்காமல் வலிப்பை நிறுத்த முடியும் என்று காட்டியது இதுதான். ஹாட்கினும் ஹக்ஸ்லியும் சோடியத்துக்குக் கணக்குப் போட்டது அதற்குப் பதினான்கு வருடம் கழித்து. எந்தக் கதவைப் பிடிக்கிறது என்றே தெரியாமல் உலகம் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தது.

நல்ல மருந்துதான், ஆனால் அத்தையிடம் கூலி வாங்காமல் விடவில்லை. ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறியது. அத்தையின் பழைய படங்கள் எல்லாவற்றிலும் வாய் மூடியே இருக்கும். 'அடக்கமான பொண்ணு' என்று பாட்டி பெருமைப்பட்டது அதைத்தான். இன்னொன்று, ஃபெனிட்டோயினின் அளவு ஏறுவது படிப்படியாக அல்ல. உடம்பு அதைக் கரைக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் சிறிய கூடுதலும் இரத்தத்தில் பெரிய குதியாகிவிடும். அப்போது தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், நாக்கு குழறும். ஒரு தடவை அளவைக் கூட்டிய மாதத்தில் அத்தை லயத்து வாசலில் தள்ளாடி நடந்தார். கள்ளுக்கடையிலிருந்து வருகிறார் என்று பேச்சு கிளம்பியது. பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீடு அதற்குப் பிறகு ஆள் அனுப்பவில்லை.

தோட்டம் விற்றுப்போனதும் செனவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். மூன்றாம் மாதம் ராத்திரி ஷிப்ட். தூக்கம் கெட்டது, விழுந்தார், மறுநாள் வரவேண்டாம் என்றார்கள். அத்தை இதைச் சொல்லும்போது கோபமே இருக்காது. "மெசின் பக்கத்துல விழுந்திருந்தா என்னா ஆவுறது, அவனுக்கும் பயமா இருக்கும்ல" என்பார். எனக்குத்தான் கோபம். பகல் ஷிப்ட் கொடுத்திருக்கலாம், விஷயம் அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஈறைப் பார்த்த ஒரு இளம் டாக்டர் மருந்தை மாற்றலாம் என்றார். கார்பமசெபின், இதுவும் அதே மூடியைப் பிடிக்கும் ஜாதி. மாற்றும் முன் இரத்தம் எடுத்தார்கள். நம் பக்கத்து மக்களில், முக்கியமாகச் சீனர்களிலும் மலாய்க்காரர்களிலும், ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கு இந்த மருந்து தோலை உரித்துவிடும் அபாயம் உண்டு. 2004-இல் தைவானில் கண்டுபிடித்தது. இந்தியர்களிலும் அந்த மரபணு இருக்கிறது. அத்தைக்கு இல்லை. மருந்து மாறியது. கடைசியாக விழுந்து ஆறு வருடமாகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் நின்ற கேள்வி நின்றபடியே இருந்தது: இது ரத்தத்தில் வருமா?

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடியதல்ல இது. கதவுகளைச் செய்யும் குறிப்பு மரபணுவில்தான் இருக்கிறது. அதில் எழுத்துப்பிழை வந்தால் கதவு பிழையாகும். 1995-இல் ஆஸ்திரேலியாவின் ஒரு குடும்பத்தில், தூக்கத்தில் வரும் வலிப்பு தலைமுறை தலைமுறையாக இறங்கியது ஒரு அயனிக் கதவின் பிழையால் என்று முதன்முதலாகக் காட்டினார்கள். 2001-இல் இன்னொன்று. டிராவே என்ற கொடிய குழந்தை வலிப்பு, ஒரு வகை சோடியக் கதவின் மரபணுவில் வரும் பிழையால் வருகிறது என்று தெரிந்தது. அந்தக் கதவு முக்கியமாக வேலை செய்வது மற்றவற்றை அடக்கி வைக்கும் நரம்பணுக்களில். காவல்காரனே தளர்ந்துபோன நிலை. அந்தக் குழந்தைகளுக்கு அத்தையின் மாத்திரையைக் கொடுத்தால் காவல்காரன் இன்னும் தளர்வான், வலிப்பு கூடும். ஒருவரைக் காப்பாற்றும் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராவே குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பிழை அப்பா அம்மாவிடமிருந்து வந்ததல்ல, புதிதாக நேர்ந்தது. குடும்பத்தைக் குற்றம் சொல்ல அங்கேயும் வழியில்லை. மற்றபடி தலையில் அடி, சிறுவயதுக் காய்ச்சல், பிரசவத்தில் மூச்சுத் திணறல் என்று வலிப்புக்கு நூறு காரணம் உண்டு. பெற்றவருக்கே இருந்தாலும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. அத்தைக்கு இருந்தால் மருமகளுக்கு என்பது அதைவிடத் தூரம். உலகத்தில் ஐந்து கோடிப் பேருக்கு இது இருக்கிறது, சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "நீ சொல்றது சரிம்மா, அவங்களுக்குப் புரியணுமே" என்றார். முடிவை எடுத்தது தங்கை. நிச்சயத்துக்கு இரண்டு வாரம் முன்பே மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வைத்தோம். அவர் தொடவில்லை.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. ரத்தத்துல வருமா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயெடுக்கும் முன்னே அத்தை அறையிலிருந்து வந்து மாத்திரை டப்பாவை மேசைமேல் வைத்தார். "இதாங்க அது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரப்பர் மரத்துல பால் நிக்காம வடிஞ்சா என்னா ஆவும்? அது மாதிரி இங்க ஒரு அடைப்பு சரியா விழல. இது அத விழ வைக்குது." தலையைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாவும் லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டியவர். கொஞ்ச நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் மரபணு, குழந்தை என்று நாலு கேள்வி கேட்டார். நான் மேலே எழுதியதைத்தான் சொன்னேன். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். நிச்சயம் குறித்த நாளில் நடந்தது. தட்டு மாற்றும்போது அத்தை முன்வரிசையில் இருந்தார். படங்களில் பல் தெரிகிறது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அத்தையின் மீன் குழம்பில் உப்பே இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அப்பா தட்டைத் தள்ளி வைத்தபோது விஷயம் வெளியே வந்தது. சோடியம் என்றால் உப்பு, உப்பைக் குறைத்தால் கதவுக்குள் நுழைவது குறையும், வலிப்பு எட்டிக்கூடப் பார்க்காது என்று அத்தை தானே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். நான் உட்காரவைத்துச் சொன்னேன். வெளியே எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்பதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும், குழம்பைக் குறைத்துக் கதவை ஆள முடியாது. அதோடு கார்பமசெபின் சிலருக்கு இரத்தத்தில் சோடியத்தைத் தானே இறக்கிவிடும். அது ரொம்பக் குறைந்தால் அதனாலேயே வலிப்பு வரும். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

அத்தை யோசித்தார். "பிரசர் இருக்கான்னு போன மாசம் பாத்தாங்க, இல்லன்னாங்க."

"அப்ப வழக்கம்போலப் போடுங்க."

"அப்ப நாளைக்குப் பாசார்ல கருவாடு வாங்கலாம்" என்றார்.